கடைசி மேசைக்காரி

என் சித்திக்குப் பொய் சொல்ல வராது. பஸ்ஸில் டிக்கெட்டைத் தொலைத்துவிட்டால், தானே கண்டக்டரைக் கூப்பிட்டுச் சொல்லி இன்னொன்று வாங்குகிற ஆள். பேய் என்ற சொல்லை அவள் ஒரு தடவைகூட வாயில் எடுத்ததில்லை. 'அந்தப் புதன்கிழமை' என்பாள். அவ்வளவுதான். நேரத்தை மட்டும் நிமிடம் பிசகாமல் சொல்வாள். சோதனை செய்யும்போது ஒவ்வொரு படியையும் மணியோடு எழுதி வைப்பது அவள் பழக்கம். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. நானே பார்த்தேன். மூன்று மணி இருபத்தாறு நிமிடத்தோடு எழுத்து நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே வெறும் கோடுகள்.

சித்திக்கு ஒரு கல்லூரியில் வேதியியல் ஆய்வக உதவியாளர் வேலை. அங்கே மாற்றலாகி வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. சித்தப்பா போய் நாலு வருஷம். ஒரே மகள், வேறு ஊரில் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுவாள். மூன்று நிமிடம். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, சரிம்மா வெச்சிடறேன். மற்ற நாளில் சித்தி கூப்பிட மாட்டாள். "வேலையா இருப்பா" என்பாள். வீட்டில் டிவியை ஓடவிட்டுவிட்டு சமையலறையில் நிற்பாள். பார்ப்பதற்கு இல்லை. ஆள் சத்தத்துக்கு.

அது செமஸ்டர் விடுமுறை. பல வருஷமாக நிறுத்தி வைத்திருந்த ஒரு செய்முறையை மறுபடியும் பாடத்தில் சேர்த்திருந்தார்கள். டீத்தூளிலிருந்து கஃபீனைத் தனியாகப் பிரித்தெடுப்பது. காலேஜ் திறப்பதற்குள் ஒரு முறை செய்து பார்த்துவிடச் சொல்லி துறைத் தலைவர் போன் செய்தார். வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு இது எவ்வளவோ தேவலாம் என்று சித்தி கிளம்பிவிட்டாள்.

கேட்டில் வாட்ச்மேன் மட்டும் இருந்தான். இரண்டாவது மாடி முழுக்கக் காலி. வராந்தாவில் அவள் செருப்புச் சத்தம் மட்டும் முன்னால் போய்த் திரும்பி வந்தது. வெளியே மூட்டம் போட்டிருந்தது. காற்று வேறு. ஆய்வகக் கதவு டமார் டமார் என்று அடித்துக்கொண்டதால் உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டாள்.

இந்தத் தாழ்ப்பாள் முக்கியம்.

1.40. பத்து கிராம் டீத்தூளை எடை போட்டு, சோடா உப்பும் தண்ணீரும் சேர்த்துக் கொதிக்க வைத்தாள். நீளமான அந்த ஆய்வகம் முழுக்க டீ வாசனை. யாரோ விருந்தாளிக்குப் போட்டுவிட்டு, விருந்தாளி வராமல் போன மாதிரி.

2.05. துணியில் வடிகட்டினாள். கறுப்பாக, கசாயம் மாதிரி இறங்கியது. ஆற வைத்தாள்.

2.30. பிரிபுனலில் ஊற்றினாள். தலைகீழாகப் பிடித்த பேரிக்காய் மாதிரி ஒரு கண்ணாடிப் பாத்திரம் அது. மேலே மூடி, கீழே குழாய்த் திருகு. உள்ளே கரைப்பானைச் சேர்த்தாள். குளோரோஃபார்முக்குத் தம்பி முறையாகிற ஒரு திரவம். டீயில் இருக்கிற கஃபீன், தண்ணீரை விட்டுவிட்டு இதற்குள் வந்துவிடும். இது கனம் அதிகம், அடியில் தங்கும். அடியில் இருப்பதை மட்டும் திருகித் திறந்து எடுத்துக்கொள்ளலாம். ஆனால் குலுக்கும்போது உள்ளே ஆவி கட்டிக்கொள்ளும். அடிக்கடி தலைகீழாகப் பிடித்துத் திருகைத் திறந்து விட வேண்டும். ஸ்ஸ்ஸ் என்று சீறிக்கொண்டு போகும்.

மருந்து நெடி தலைக்கேறியிருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் முதலில் அப்படித்தான் சொன்னேன். ஆனால் சித்தி வேலை செய்தது சுவரோரம் இருந்த புகை உறிஞ்சும் கண்ணாடிக் கூண்டுக்குள். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இரண்டு ஜன்னல் திறந்து கிடந்தது. இருபத்தேழு வருஷமாக இந்த வேலை பார்க்கிறவள் அவள்.

2.34. குலுக்கினாள். திருகைத் திறந்தாள்.

ஸ்ஸ்ஸ்.

மூடினாள். மறுபடி குலுக்கினாள். திறந்தாள்.

ஸ்ஸ்ஸ்.

மூடிய பிறகும்... ஸ்ஸ்ஸ்.

திருகு சரியாக மூடவில்லை என்று நினைத்தாள். கையால் தடவிப் பார்த்தாள். இறுக்கமாகத்தான் இருந்தது. மறுபடி குலுக்கி, திறந்து, மூடிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஸ்ஸ்ஸ்.

சத்தம் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

திரும்பினாள். ஆய்வகத்தின் அந்தக் கோடியில், கடைசி மேசையில், வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் நின்றிருந்தாள். முதுகுதான் தெரிந்தது. நரை கலந்த கொண்டை. இரண்டு கையிலும் பிரிபுனலைத் தூக்கிப் பிடித்து மெதுவாகச் சாய்த்துக்கொண்டிருந்தாள்.

சித்திக்கு முதலில் பயம் வரவில்லை. இதை அவளே சொன்னாள். "சந்தோஷமா இருந்துச்சுடா" என்றாள். எட்டு மாதத்தில் அந்த ஆய்வகத்தில் அவளோடு வேலை பார்க்க ஒரு ஆள் வந்தது அதுதான் முதல் தடவை. தேர்வு வேலைக்கு வேறு கல்லூரியிலிருந்து யாரையோ அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். எப்படி உள்ளே வந்தாள் என்று அப்போது தோன்றவில்லை.

"நீங்களும் டீத்தூளாங்க?" என்றாள் சித்தி.

அந்தப் பெண் புனலைச் சாய்த்தபடியே இருந்தாள்.

"டீ... தூள்."

குரல் கரகரவென்று இருந்தது. ரொம்ப நாள் பேசாமல் இருந்துவிட்டுப் பேசுகிற குரல்.

"முன்னாடியே செஞ்சிருக்கீங்களா?"

"இதுதான் செய்வேன்."

சித்தி மறுபடி கூண்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வேலை செய்துகொண்டே பேச்சுக் கொடுத்தாள். பேச ஆள் கிடைத்தால் அவளுக்கு வாய் நிற்காது. இந்தக் கட்டடம், லிஃப்ட் இல்லாதது, முட்டிவலி, எல்லாம் சொன்னாள். அந்தப் பெண் ஒன்றுக்கும் 'ம்' கொட்டவில்லை. கடைசியில் ஒன்று கேட்டாள்.

"வீட்ல யாரு?"

"யாருமில்லைங்க. ஒரே பொண்ணு. வெளியூர்ல இருக்கா."

"பேசுவாளா?"

"ஞாயித்துக்கிழமை பேசுவா."

"ஏன்... ஞாயித்துக்கிழமை மட்டும்?"

யாரும் இதுவரை கேட்காத கேள்வி அது. சித்தி சொல்லிவிட்டாள். என்னிடம்கூடச் சொல்லாததை, முகம் தெரியாத ஒருத்தியின் முதுகிடம் சொன்னாள். சித்தப்பா போன பதினாறாம் நாள், மகள் தன்னோடு வந்து இருக்கச் சொல்லிக் கூப்பிட்டாள். சித்தி, 'உன் சம்பாத்தியத்துல உக்காந்து சாப்பிட என்னால முடியாது' என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டாள். மகள் அன்று ராத்திரியே ஊருக்குக் கிளம்பிப் போனவள்தான். அதற்கப்புறம் மூன்று நிமிடம், மூன்று நிமிடம்...

சொல்லிக்கொண்டே வேகமாகக் குலுக்கிவிட்டாள். புனலுக்குள் நுரை கட்டிக்கொண்டது. மேலே எது, கீழே எது என்று தெரியவில்லை.

"வேகமா குலுக்கிட்டீங்க" என்றது பின்னாலிருந்து குரல். "விடுங்க. தானா பிரியும்."

அந்தப் பெண் திரும்பிப் பார்க்கவே இல்லை. எப்படித் தெரிந்தது?

2.58. நுரை அடங்கக் காத்திருந்தாள். அப்போதுதான் அந்த மேசையைச் சரியாகப் பார்த்தாள். அங்கே அடுப்பு இல்லை. டீத்தூள் பொட்டலம் இல்லை. வடிகட்டிய துணி இல்லை. புனலில் இருந்த திரவம் பழுப்பாக இல்லை. வெறும் தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது.

"செல்லப்பேரு உண்டா?"

"யாருக்கு?"

"பொண்ணுக்கு."

சித்தி சிரித்துவிட்டாள். "அணிக்குட்டின்னு கூப்பிடுவேன். சின்னப்புள்ளைல அணில்குட்டின்னு சொல்ல வராது அவளுக்கு. இப்ப கூப்பிட்டு வருஷக்கணக்காச்சு."

"அணிக்குட்டி" என்றாள் அந்தப் பெண்.

மறுபடி, "அணிக்குட்டி."

மூன்றாவது தடவை சொன்னபோது குரலில் கரகரப்பு இல்லை.

"நம்பர் மனசுல இருக்கா?"

"அது ஒண்ணுதாங்க இருக்கு" என்று சித்தி பத்து இலக்கத்தையும் ஒப்பித்தாள். எதற்குச் சொன்னோம் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியவில்லை.

"இப்பக் கூப்பிட்டா என்ன சொல்லுவீங்க?"

சித்தி கூண்டின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நான் அன்னைக்குச் சொன்னது தப்பு. எனக்கு உன்கூட இருக்கணும்னுதான் ஆசை. கேக்கக் கூச்சமா இருக்கு. அவ்வளவுதான்."

பின்னாலிருந்து அதே வார்த்தைகள் வந்தன.

"நான் அன்னைக்குச் சொன்னது தப்பு. எனக்கு உன்கூட இருக்கணும்னுதான் ஆசை. கேக்கக் கூச்சமா இருக்கு..."

வார்த்தை மட்டும் இல்லை. இழுப்பு. நிறுத்தம். கடைசியில் லேசாக உடைந்த இடம். எல்லாம் சித்தியின் குரல்.

அப்போதுதான் முதன்முதலாகச் சித்திக்குப் பயம் வந்தது. ஆனாலும் கை வேலையை விடவில்லை. நுரை அடங்கியிருந்தது. அடியில் தெளிவாகப் பிரிந்திருந்ததை மட்டும் ஒரு பீக்கரில் இறக்கினாள். ஈரத்தை உறிஞ்சும் உப்பைப் போட்டாள். இனி இதை ஆவியாக்கினால் கஃபீன் மட்டும் தங்கும். அதை ஏந்திக்கொள்கிற வெற்றுத் தட்டின் எடை தெரிய வேண்டும். பக்கத்திலேயே தராசு அறை. நோட்டில் எழுதினாள்.

3.26. தட்டு எடை போட.

தராசு அறைக்குள் போனாள். காற்று படக்கூடாது என்று கதவைச் சாத்தினாள். தட்டை வைத்தாள். எண்கள் ஓடின. நிற்கவில்லை. ஓடிக்கொண்டே இருந்தன.

அந்தப் பக்கம் பேச்சுச் சத்தம் கேட்டது.

யாரோ போனில் பேசுகிறார்கள். சிரிப்பு. நடுவில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். மறுபடி சிரிப்பு.

தன் சிரிப்பு.

தராசு அறைக் கதவில் கையகலக் கண்ணாடி ஒன்று பதித்திருந்தது. அதன் வழியாகப் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தில் மணி 3.31. கடைசி மேசைக்கு மேலே சுவரில் ஒரு போன் உண்டு. காலேஜுக்குள்ளேயே பேசிக்கொள்கிற இன்டர்காம். வெளியே எங்கும் போகாது.

அந்தப் பெண் ரிசீவரைக் காதில் வைத்திருந்தாள். முதுகுதான் தெரிந்தது.

"அழாதடி அணிக்குட்டி..."

சித்தியின் கை கதவுப் பிடியில் இருந்தது. திருப்ப முடியவில்லை.

"ஆமா. நாந்தான். வேற யாரு?"

பின்னால் தராசில் எண்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன.

"வர்றேன். கண்டிப்பா வர்றேன்."

கத்த நினைத்தாள். வாயைத் திறந்தாள்.

குரல் வரவில்லை.

காற்றுதான் வந்தது.

ஸ்ஸ்ஸ்...

3.37. டக். ரிசீவரை வைக்கிற சத்தம்.

அப்புறம் ஒன்றுமில்லை. ஃபேன் சத்தம் மட்டும்.

கதவைத் திறந்தாள். யாரும் இல்லை. கடைசி மேசையில் புனல் இல்லை, தாங்கி இல்லை, ஒரு சொட்டு ஈரம் இல்லை. விடுமுறைத் தூசி அப்படியே படிந்திருந்தது. ஒரு விரல் தடம்கூட இல்லை.

ரிசீவரைத் தொட்டாள்.

சுட்டது.

ஆய்வகக் கதவைப் பார்த்தாள். உள்பக்கத் தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு இறங்கிவிட்டாள். கேட்டில் வாட்ச்மேனிடம், "யாராவது மேல வந்தாங்களா?" என்று கேட்டாளாம். குரல் அப்போது திரும்பியிருந்தது, கொஞ்சம் கரகரப்பாக. அவன், "லீவுல உங்கள விட்டா இங்க யாரும்மா வருவா?" என்று சிரித்தான்.

வீட்டுக்குப் போய் டிவி போடவில்லை. விளக்கு எல்லாவற்றையும் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள். மகளைக் கூப்பிட நினைத்து, போனைக் கையில் எடுத்து, வைத்து, மறுபடி எடுத்து... 7.10-க்கு அதுவே அடித்தது. புதன்கிழமையில் மகள் கூப்பிட்டு நாலு வருஷம் ஆகியிருந்தது.

"அம்மா, மத்தியானம் நீ பேசினதுக்கப்புறம் எனக்கு வேலையே ஓடல."

சித்தி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"நாப்பது நிமிஷம்மா. நீ இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்ல. அணிக்குட்டின்னு கூப்பிட்டியா... பாத்ரூம்ல போய் நின்னு அழுதேன், தெரியுமா?"

கண்ணாடி வழியாக சித்தி பார்த்தது ஆறு நிமிடம்தான். நாற்பது நிமிடம் எப்படி ஆகும்? மீதி நேரத்தில் என்ன பேசினார்கள்? கேட்கத் துடித்தாள். 'அது நான் இல்லடி' என்று சொல்ல வேண்டும். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அந்தப் பக்கம் மகள் குழந்தை மாதிரி மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். நாலு வருஷ வீம்பு ஒரு மத்தியானத்தில் கரைந்திருந்தது. சொன்னது யாராக இருந்தாலும், சொன்னது எல்லாம் உண்மை.

"நீ சாப்பிட்டியாடி?" என்று மட்டும் கேட்டாள் சித்தி.

மறுநாள் தனியாகப் போகத் தைரியம் இல்லாமல் என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். துறைத் தலைவரும் ஸ்டோர் கீப்பரும் எங்களுக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தார்கள். கூண்டுக்குள் இரண்டு தட்டுகள் இருந்தன. ஒன்று சித்தி ஊற்றி வைத்த பீக்கருக்குப் பக்கத்தில், அவள் எடை போட எடுத்துப் போன அதே தட்டு, காலியாக. தராசு அறையில் விட்டுவிட்டு வந்தது இங்கே எப்படி வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. இன்னொன்றில் வெள்ளை வெளேரென்று, மயிரிழை மாதிரி ஊசி ஊசியாகக் கஃபீன்.

"பிரமாதம்மா" என்றார் துறைத் தலைவர். "முதல் தடவையிலேயே இவ்வளவு சுத்தமா யாரும் எடுத்து நான் பாத்ததில்ல."

ஸ்டோர் கீப்பர் மட்டும் அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஓய்வு பெறுகிற வயசு அவருக்கு. சித்தி அவரை வராந்தாவுக்குக் கூப்பிட்டு நேராகவே கேட்டாள். "கடைசி மேசைல முன்னாடி யாருங்க வேலை பாத்தாங்க?"

அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"உங்க வேலைல இருந்த அம்மாதான். ஒம்போது வருஷம் இருக்கும். லீவுல தனியா வந்து இதே டீத்தூள செஞ்சு பாத்துட்டு இருந்திருக்காங்க. நெஞ்சுவலி. அந்த மேசைகிட்டயே விழுந்துட்டாங்க. நாலாம் நாள் காலேஜ் தெறந்தப்பதான் பாத்தோம்."

"நாலு நாளா யாரும் தேடலையா?"

"தேட யாரும் இல்லம்மா. சொல்லி அனுப்பலாம்னு ஆபீஸ்ல ஃபைல எடுத்துப் பாத்தோம். அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய நம்பர்னு ஒரு எடம் இருக்குமில்ல?" அவர் ஆய்வகச் சுவரைக் கையால் காட்டினார். "அந்த இன்டர்காம் நம்பரையே எழுதியிருந்தாங்க."

சித்தி வேறு கல்லூரிக்கு மாற்றல் எழுதிக் கொடுத்தாள். ஒன்றரை மாதத்தில் கிடைத்தது. அந்த ஆய்வகத்தில் இப்போது அவள் வேலைக்கு யாரும் இல்லை. பூட்டியிருப்பதாகக் கேள்வி.

அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு சித்தி மகளைத் தினமும் கூப்பிட ஆரம்பித்தாள். சாயங்காலம் வேலை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, சரியாக எட்டு மணிக்கு. வேறு யாரும் தன் இடத்தில் நுழைந்துவிடக் கூடாது என்கிற மாதிரி. எனக்குப் பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. வருகிற கோடையில் வேலையை விட்டுவிட்டு மகளோடு போய் இருந்துவிடுவது என்றுகூடப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

போன மாதம் ஒரு நாள் நான் சித்தி வீட்டில் இருந்தேன். எட்டு மணி. போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, துணி மடித்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தாள். மகள் என்னவோ ஒட்டாமல் 'ம்', 'ம்' என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்.

"அம்மா, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டியே?"

"சொல்லுடி."

"ஒரு நாளைக்கு ரெண்டு தடவை எதுக்கும்மா? அதான் மத்தியானம் அவ்வளவு நேரம் பேசறோமே. அது போதும்."

சித்தியின் கையில் மடித்துக்கொண்டிருந்த துணி அப்படியே நின்றது.

"ராத்திரி கூப்பிடும்போது நீ... எப்படிச் சொல்றதுன்னு தெரியல. யாரோ மாதிரி பேசறம்மா."